ஓட்டுச்சாவடிக்குக் கூட்டி வருவது கொள்கையா? ஊரா?

நடுவர் அவர்களே! எதிரணியிலே பேசிவிட்டு அமர்ந்திருக்கிற அம்மையார், "மனிதன் கொள்கைக்காகத்தான் ஓட்டுப் போடுகிறான்" என்று மேசையைத் தட்டிச் சொன்னார்கள். தட்டினது சரி. ஆனால் தேர்தல் அன்றைக்கு வீட்டிலே என்ன நடக்குது? "என்னங்க, பக்கத்து வீட்டு அக்கா போய்ட்டு வந்துட்டாங்க, நீங்க இன்னும் லுங்கியோட உட்கார்ந்திருக்கீங்களே!" அங்கே ஆளை எழுப்பியது கொள்கையா, பக்கத்து வீடா? ஊரும் உறவும்தான் என்பது எங்கள் கட்சி. பட்டிமன்றக் கட்சிங்க, வேறே எதையும் நினைச்சுக்காதீங்க!

உத்திரமேரூரைப் பெருமையாகச் சொன்னார்கள். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. 30 குடும்புகள். ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அருமை! ஆனால் அந்த ஓலையிலே யார் பெயர் இருந்தது என்றும் கல்வெட்டைப் படிக்கணும் இல்லையா? வரி கட்டுகிற நிலம் கால்வேலிக்கு மேலே வேணும், சொந்த மனையிலே வீடு வேணும், வேதப் பயிற்சி வேணும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கணும். அது பிராமணர் ஊர்ச் சபை. உழுதவன் பெயர் குடத்துக்குள்ளே இல்லை. தாய்மார்கள் பெயரும் இல்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல். மாகாணத்திலே சுமார் 4 கோடிப் பேர். ஓட்டு உள்ளவர்கள் 12 லட்சத்தைச் சற்றே தாண்டும். குடம் போய்ப் பெட்டி வந்தது, சொத்துக் கணக்கு மட்டும் போகவில்லை.

1951-52இல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. அப்போது ஒரு கூத்து. கூத்து என்றா சொல்வது? கொடுமை. பட்டியல் எழுதப் போனவர்களிடம், முக்கியமாக வடமாநிலங்களிலே, பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னார் மனைவி", "இன்னார் அம்மா", அவ்வளவுதான். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று நின்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கொள்கை கதவைத் திறந்து வைத்தது. உறவு வாசலிலேயே நிறுத்திவிட்டது.

1967ஐக் கொள்கை அலை என்றார் எதிரணி நண்பர். கணக்கைப் பாருங்கய்யா. 1957இல் நம் மாநிலத்திலே ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 50 பேர்கூட இல்லை. 1962இல் 70ஐத் தாண்டியது, 1967இல் 76! பத்தே வருஷத்திலே கொள்கையா இப்படி ஊதிப் பெருத்தது? தெருமுனைப் படிப்பகத்திலே ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாதவர் பத்துப் பேர் கேட்டார்கள். முடிதிருத்தும் கடை பாதி அரசியல் வகுப்பு, டீக்கடை மீதி. கூடிக் கேட்டவர்கள் கூடியே ஓட்டுப் போடப் போனார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தேர்தலிலே காங்கிரசுக்கு 41 சதவீதம், தி.மு.க.வுக்கு அதைவிட ஒரு மயிரிழை குறைவு. ஆனால் தி.மு.க. 137 இடம், காங்கிரஸ் 50ஐ ஒட்டி! ராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் பொதுவுடைமைக்காரர்களையும் ஒரே பந்தியிலே உட்கார வைத்த கூட்டணி அது. அது எந்தக் கொள்கைங்க?

சரி, 2021க்கு வாங்க. கரூர் மாவட்டத்திலே நூற்றுக்கு 83 பேர் ஓட்டுப் போட்டார்கள். சென்னையிலே 59. படிப்பு, பேப்பர், டி.வி. எல்லாம் எங்கே அதிகம்? சென்னையிலே! கிராமத்திலே விரலில் மை இல்லாமல் டீக்கடைக்குப் போய்ப் பாருங்க, "ஏம்ப்பா, இன்னும் போகலையா?" என்று நாலு பேர் கேட்பான். எந்த வீட்டிலே யார் இன்னும் வரவில்லை என்று பூத் ஏஜெண்டுக்கு மனப்பாடம். நகரத்து அடுக்குமாடியிலே எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. வாடகை வீடு மாறி மூன்று வருஷம் ஆகியும் ஓட்டு பழைய தெருவிலேயே கிடக்கும். யார் வந்து எழுப்புவது?

ஊர் கூட்டி வரும் என்கிறேனே, அதே ஊர் கதவைச் சாத்தவும் செய்யும். மறைக்க மாட்டேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு என்று ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் முறையான தலைவர் கிடையாது. யாரையும் மனுப் போடவிடவில்லை. போட்டு ஜெயித்தாலும் ராஜினாமா. மேலவளவிலே துணிந்து தலைவரான முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள், கூட இருந்த ஐந்து பேரையும் சேர்த்து.

2006 அக்டோபரில்தான் அந்த நாலு ஊரிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். சட்டம் 1996லும் அதேதான், ஒதுக்கீடும் அதேதான். அதிகாரிகள் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, ஊர் இறங்கி வந்தது. பிறகே பெட்டி வந்தது. நடுவர் அவர்களே, மணிமேலே கை வெச்சுட்டீங்க, தெரியுது. அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர், அந்தப் பத்து வருஷமும் கொள்கை எந்தத் திண்ணையிலே உட்கார்ந்திருந்தது என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.