முதல் கடி யார் கணக்கில்? நாயினத் தடைச் சட்டங்களின் வரலாறு

ஆங்கிலப் பொதுச் சட்டம் நாய்களுக்கு நெடுங்காலம் ஒரு சலுகை வைத்திருந்தது. ஒரு நாய் ஒருவரைக் கடித்தால், அது கடிக்கக்கூடிய நாய் என்பது உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதைக் கடிபட்டவர் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியாவிட்டால் இழப்பீடு இல்லை. இரண்டாம் முறை கடித்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று உரிமையாளர் தப்ப முடியாது. ஆகவே முதல் கடி நாயின் கணக்கில் எழுதப்படாமலே போயிற்று. இந்தச் சலுகையை முதலில் இழந்தது மனிதரைக் கடித்த நாய் அல்ல, ஆட்டைக் கடித்த நாய். 1865-ஆம் ஆண்டு நாய்கள் சட்டம், ஆடுமாடுகளைக் காயப்படுத்திய நாயின் உரிமையாளர் முன்னறிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்றது. மனிதருக்கு அந்த வசதியை அது தரவில்லை. நிலக்கிழார்கள் நிறைந்த நாடாளுமன்றத்தில் ஆட்டுக்கு இருந்த மதிப்பு அப்படி.

1871-இல் வந்த சட்டம் இன்னொரு படி ஏறியது. ஆபத்தான நாய் அடக்கத்தில் வைக்கப்படவில்லை என்று கண்டால், அதை அடக்கி வைக்கவோ கொல்லவோ குற்றவியல் நடுவர் ஆணையிடலாம். இன்றும் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. எந்த நாயையும் அதன் செயலை வைத்தே எடைபோட்டது அது.

இனத்தின் பெயர் சட்டத்துக்குள் நுழைந்த வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன்கதை இங்கிலாந்தில் உண்டு. கட்டிப்போட்ட காளை மீது நாய்களை ஏவிவிடும் விளையாட்டும் நாய்ச்சண்டையும் 1835-இல் அங்கே தடைசெய்யப்பட்டன. சண்டைக் களமாக இருந்த பள்ளத்தின் பெயரையே தாங்கிய ‘பிட் புல்’ வழிநாய்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பண்ணைக் காவலுக்கும் கள்ளச் சண்டைக்கும் ஒருசேரப் பயன்பட்டன. 1980-களில் அந்நாட்டு நகரங்கள் ஒவ்வொன்றாக அந்த நாயைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தத் தொடங்கின. டென்வரும் புளோரிடாவின் மயாமி-டேட் வட்டாரமும் 1989-இல் தடை விதித்தன.

பிரிட்டனில் திருப்பம் 1991 மே மாதம் வந்தது. பிராட்ஃபோர்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிட் புல் ஒன்று குதறியது. பத்திரிகைகள் கொதித்தன. உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் கொண்டுவந்த ஆபத்தான நாய்கள் சட்டம் ஜூலை 25-இல் அரச ஒப்புதல் பெற்று, ஆகஸ்ட் 12-இல் அமலுக்கு வந்தது. மூன்று மாதமும் முழுதாக ஆகவில்லை. பிட் புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ ஆகிய நான்கும் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. ஏற்கெனவே இருந்த நாய்களைக் கருத்தடை செய்து, பதிவும் காப்பீடும் எடுத்து, பொது இடத்தில் வாய்மூடி மாட்டி, வாரில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மீறினால் கொலைதான். நீதிபதிக்கு வேறு வழி விடப்படவில்லை.

இச்சட்டத்தின் உயிர்நாடி ‘வகை’ என்ற ஒரு சொல். பிரிட்டனின் கென்னல் கிளப் பிட் புல்லை ஓர் இனமாகவே அங்கீகரிக்கவில்லை. அங்கீகாரம் இல்லாத இனத்தைத் தடைசெய்ய முடியாதென்பதால் ‘பிட் புல் டெரியர் எனப்படும் வகை’ என்று எழுதினார்கள். அது எந்த வகை? 1993-இல் உயர்நீதிமன்றம் விடை சொன்னது: வகை என்பது இனத்தைவிட அகன்றது, அமெரிக்க நாய் வளர்ப்போர் சங்கத்தின் அளவுகோலில் உள்ள உடற்கூறுகளில் கணிசமானவை பொருந்தினால் போதும். பெற்றோர் யாராயிருந்தாலும் சரி. நாய் சாதுவா என்பது கருதத்தக்கதே தவிர முடிவானது அல்ல. போதாக்குறைக்கு, தன் நாய் அந்த வகை இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் உரிமையாளர் தலையில். நூற்றாண்டுக்கு மேலாகக் கடிபட்டவர் சுமந்த பாரம், இன்னும் கடிக்காத நாயின் உரிமையாளருக்கு இடம் மாறிற்று.

இதில் சிக்கிய நாய்களில் புகழ்பெற்றது டெம்ப்சி. 1992-இல் லண்டனில் இரவுநேரம் நடத்திச் செல்லப்பட்டபோது அதற்கு உடம்பு சரியில்லை. வாந்தியெடுக்க வசதியாக வாய்மூடியைக் கழற்றினார்கள். அந்நேரம் பார்த்துக் காவலர் வந்தார். யாரையும் கடிக்காத டெம்ப்சிக்கு மரண தண்டனை. பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ வரை அதற்காகக் குரல் கொடுத்தார். வழக்கு பல படிகள் ஏறி, 1995-இல்தான் நாய் தப்பியது. கொலை ஆணையைக் கட்டாயமாக்கிய விதி 1997 திருத்தத்தில் தளர்ந்தது.

இனத் தடையை எதிர்ப்போரின் வலுவான ஆயுதம் எண்ணிக்கை. விலங்கு வதைத் தடுப்புக்கான அரச சங்கம் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1991 முதல் அந்நாட்டில் நாய்களால் உயிரிழந்தோர் 30 பேர். அவற்றில் 21 சம்பவங்களில் ஈடுபட்டவை தடைசெய்யப்படாத நாய்கள். 2018-இல் நாடாளுமன்றக் குழு ஒன்றும் இனப்பட்டியல் மக்களைக் காக்கவில்லை என்று அறிக்கை தந்தது. அரசு ஏற்கவில்லை. நெதர்லாந்து 1993-இல் விதித்த பிட் புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு, 2008-இல் கைவிட முடிவு செய்தது. கண்ணால் பார்த்து இனம் சொல்வதிலும் நம்பகம் குறைவு. புளோரிடாவின் நான்கு காப்பகங்களில் 120 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஊழியர்கள் சொன்ன இனம் மரபணுச் சோதனையோடு பலமுறை பொருந்தவில்லை; ஊழியர்களே ஒருவரோடொருவர் ஒத்துப்போகவும் இல்லை.

ஆனால் தடையை ஆதரிக்கும் தரப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 2007-இல் பிட் புல்லால் தாக்கப்பட்ட ஒரு பெண் தொடங்கிய டாக்ஸ்பைட் அமைப்பு, கடிபட்டவர்களின் குரலாகத் தன்னை நிறுத்திக்கொண்டது. எத்தனை நாய் கடித்தது என்பதைவிடக் கடி என்ன செய்தது என்று பாருங்கள் என்பதே அவர்கள் வாதம். சிறு நாய் ஆயிரம் முறை கடித்தாலும் தையல்தான். வலுவான நாய்க்கு முதல் கடியே கடைசிக் கடியாகலாம். 1979 முதல் 1998 வரை அமெரிக்காவில் நாய்த் தாக்குதலால் நேர்ந்த 238 மரணங்களை ஆராய்ந்த கட்டுரை 2000-இல் வந்தது. பிட் புல் வகையும் ராட்வைலரும் பாதிக்கு மேற்பட்ட மரணங்களில் சம்பந்தப்பட்டிருந்தன. அதே கட்டுரை, இனவாரியாக மொத்த நாய்த்தொகை தெரியாததால் இதைக் கொண்டு இனத்தைத் தடைசெய்வது சரியல்ல என்றும் எழுதியது. இரு தரப்பும் இன்றுவரை இதே கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுகின்றன, ஆளுக்குப் பாதியாக.

‘நாயில் கெட்டதில்லை, வளர்ப்பில்தான்’ என்ற விலங்குநேயர்களின் வாதம் எனக்கு அரை உண்மையாகவே படுகிறது. தாடையின் வலு வளர்ப்பால் வந்ததல்ல. அதே வேளை, உடலை அளந்து ஆபத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுவிட்டது என்பதற்கு பிரிட்டனே சாட்சி. பிட் புல்லின் வழிவந்தும் 1991 அளவுகோலுக்குள் அடங்காமல் பெருத்து வளர்ந்த அமெரிக்கன் எக்ஸ்எல் புல்லி அங்கே சட்டபூர்வமாகவே விற்பனையானது. தடை, நாயைப் பெரிதாக்கத்தான் உதவியது என்று கூடச் சொல்லலாம். மரணங்கள் தொடர, 2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக் தடையை அறிவித்தார். 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இன்றி அந்நாயை வைத்திருப்பது குற்றம். அளவுகோல்? ஆண் நாய்க்குத் தோள் உயரம் 51 செ.மீ., பெண்ணுக்கு 48 செ.மீ., அதற்கு மேல் தலை, மார்பு, கால் பற்றிய வருணனைகள். மறுபடியும் அளவுநாடா. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் விலக்குப் பெற்றன.

இடையில் ஓசையின்றி நடந்த 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தை நான் இவற்றைவிட முக்கியமாகக் கருதுகிறேன். அடக்கமின்றி விடப்பட்ட எந்த நாயானாலும், சொந்த வீட்டுக்குள்ளேயே ஒருவரைத் தாக்கினாலும், உரிமையாளர் குற்றவாளி. உயிர் போனால் 14 ஆண்டு வரை சிறை. பெயர்ப்பட்டியல் தொடாத வீட்டுக்குள் அது நுழைந்தது. கடியில் பெரும்பங்கு வீட்டில்தானே நடக்கிறது?

இந்தப் பட்டியல் மோகம் இந்தியாவுக்கும் வந்தது. 2024 மார்ச் 12-இல் மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை, பிட் புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களுக்கு உரிமம் தரக்கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்கவில்லை என்று ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கே பெரும்பாலான கடிகள் எந்த இனப்பட்டியலிலும் சேராத தெருநாய்களுடையவை. 2024-இல் மட்டும் நாடு முழுவதும் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கு மேல். வளர்ப்பு விலங்கால் நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறுவோரைத் தண்டிக்க 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவு இருந்தது. அதுவே இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவாக இருக்கிறது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை.