சிறு வானூர்திகளில் இறக்கை நுனி மாற்றங்கள்

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து பல ஆண்டுகள் பறந்த ஒரு வானூர்தியின் இறக்கை முனையிலுள்ள மூடியைக் கழற்றிவிட்டு, வேறு வடிவ மூடியையோ செங்குத்தாக நிமிர்ந்த சிறு தகட்டையோ பொருத்துவது இறக்கை நுனி மாற்றம் எனப்படும். செஸ்னா, பைப்பர் போன்ற இரண்டு அல்லது நான்கு இருக்கை வானூர்திகளுக்கு இத்தகைய நுனிகள் அறுபது ஆண்டுகளாகத் தனியாக விற்கப்பட்டு வருகின்றன. வேகம் கூடும், எரிபொருள் மிச்சமாகும், குறைந்த ஓட்டத்தில் மேலெழலாம் என்பவை விற்பவர்களின் வாக்குறுதிகள். இவற்றில் ஒரு பகுதி உண்மை.

சுழலும் இழுவையும்

பறக்கும் இறக்கையின் அடியில் காற்றழுத்தம் கூடுதலாகவும் மேற்புறத்தில் குறைவாகவும் இருக்கும். நுனியில் தடுப்பு ஏதும் இல்லாததால் கீழ்க்காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அது பின்னால் கயிறு திரித்தாற்போன்ற சுழலாக நீள்கிறது. அந்தச் சுழலை உண்டாக்கச் செலவாகும் ஆற்றலைக் கொடுப்பது எஞ்சின்தான். இந்தச் செலவே தூண்டு இழுவை.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1897 இல், இறக்கை முனையில் செங்குத்துத் தகடு வைக்கும் யோசனைக்கு அவர் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் லுட்விக் பிராண்டிலும் அவருடைய மாணவர் மாக்ஸ் முங்க்கும் இதைக் கணிதமாக்கினர். தூண்டு இழுவையைக் குறைக்க மிக எளிய வழி இறக்கையை நீளமாக்குவது என்பது அக்கணிதத்திலிருந்து கிடைத்த பாடம். பின்னால் வந்த நுனி வடிவங்கள் பலவும் இறக்கையை நீட்டாமலே நீட்டிய பலனைப் பெறச் செய்த முயற்சிகள்.

ஹோர்னரின் கூர் விளிம்பு

ஃபீசலர் ஷ்டோர்க் என்னும் மெதுவாகப் பறக்கும் வானூர்தியின் வடிவமைப்பில் பங்கு கொண்ட சிகார்ட் ஹோர்னர், போருக்குப் பின் அமெரிக்காவில் பணியாற்றினார். இறக்கை நுனிகளின் வடிவம் பற்றி 1952 இல் அவர் எழுதிய அறிக்கையே இன்றைய சந்தைக்கு மூலம் எனலாம். உருண்டையான நுனியைச் சுற்றிக் காற்று எளிதாக வழுக்கி ஏறிவிடும். அடிப்புறம் சரிவாகவும் மேல் விளிம்பு கூராகவும் இருந்தால் சுழல் சற்றே வெளியே தள்ளப்படும். இரு சுழல்களுக்கும் இடையே தூரம் கூடும். இறக்கை சிறிது நீண்டதுபோல நடந்துகொள்ளும். இந்த அறிக்கைக்குப் பின் கண்ணாடியிழையில் வார்த்த "ஹோர்னர் நுனிகள்" பெருகின. அவற்றில் பல இறக்கையின் உண்மையான நீளத்தையும் சில அங்குலம் கூட்டிவிட்டன. கிடைத்த பலன் வடிவத்தால் வந்ததா, நீளத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல விளம்பரங்கள் மெனக்கெடவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

மொத்த இழுவை மிகக் குறைவாக இருக்கும் வேகத்தில், தூண்டு இழுவை சரிபாதி. வேகம் கூடக்கூட அதன் பங்கு சரியும். சிறு வானூர்திகள் நெடும்பயணத்தில் அந்த வேகத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கில் பறப்பதாகக் கொண்டால், தூண்டு இழுவையின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். புதிய நுனி அதில் 5 விழுக்காட்டைக் குறைத்தாலும் மொத்த இழுவையில் குறைவது 1 விழுக்காடு. அதே எஞ்சின் ஆற்றலில் 100 நாட் வேகத்தில் பறக்கும் வானூர்திக்குக் கூடுதலாகக் கிடைப்பது அரை நாட். வேகமானியின் முள் தடிமனில் அது மறைந்துபோகும். காற்றின் வெப்பம் மாறினாலோ, எரிபொருள் எடை குறைந்தாலோ இதைவிடப் பெரிய வேறுபாடு வந்துவிடும். ஒரு பறப்பை மட்டும் வைத்து "ஐந்து நாட் கூடியது" என்பவரின் அளவீட்டை ஐயத்தோடு பார்ப்பதே முறை.

மேலேறும்போது கதை வேறு. மிகக் குறைந்த ஆற்றலில் பறக்கக்கூடிய மெதுவான வேகத்தில் தூண்டு இழுவையின் பங்கு முக்கால் பாகம். ஏறும் வேகம் இதைவிடச் சற்றே கூடுதல் என்பதால், அங்கும் அந்தப் பங்கு பெரிது. சென்னை போன்ற இடத்துக்கு இது பொருத்தமானது. மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் கடல் மட்டத்துக்கு அருகிலுள்ள மீனம்பாக்கத்திலும் காற்று, இயல்பான நாளில் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்திருக்கும். எஞ்சினும் இறக்கையும் ஒருசேரத் தளரும். அப்போது பயிற்சி மாணவரும் ஆசிரியரும் நிறைந்த எரிபொருளோடு ஏறும் சிறு வானூர்திக்கு, நிமிடத்துக்குச் சில பத்து அடி கூடுதலாக ஏறுவதும் பயனுள்ளதே.

நிமிர்ந்த தகடுகள்

இன்று பயணிகள் விமானங்களில் காணும் நிமிர்நுனியை முறையாக ஆராய்ந்தவர் நாசாவின் ரிச்சர்ட் விட்காம்ப். அவருடைய ஆய்வறிக்கை 1976 இல் வந்தது. அதற்கு முன்பே, 1975 இல், பர்ட் ரூட்டன் தம் வீட்டுத் தயாரிப்பு வானூர்தியான வேரிஈஸில் அதைப் பொருத்திப் பறக்கவிட்டார். அவர் பிறகு பொருத்தியவர் அல்லர்; முதல் வரைபடத்திலேயே சேர்த்தவர். அங்கே அத்தகடு திசைமாற்றியாகவும் வேலை செய்தது. 1979-80 இல் கேசி-135 என்னும் பெரிய எரிபொருள் விமானத்தில் நடந்த சோதனைகள் எரிபொருள் 6 விழுக்காட்டுக்கு மேல் மிச்சமாகலாம் என்று காட்டின. ஆயினும் அமெரிக்க விமானப்படை அவ்விமானங்களுக்கு நிமிர்நுனி பொருத்தவில்லை, எஞ்சின்களை மாற்றியது.

போட்டி மிதவை வானூர்திகளின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 15 மீட்டருக்கு மேல் இறக்கை கூடாது என்ற விதியுள்ள பிரிவில் நிமிர்நுனி மட்டுமே வழி. தொடக்கத்தில் செய்தவை ஏறும்போது உதவின. வேகமாகப் பறக்கையில் தம் உராய்வால் பாரமாயின. இரண்டுக்கும் பொருந்தும் கோணத்தையும் வளைவையும் கண்டறியப் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

டோர்னியர் 228

இந்தியாவில் எளிதாகக் காணக்கூடிய சான்று டோர்னியர் 228. பழைய டோர்னியர் 28 இன் உடலில் முற்றிலும் புதிய இறக்கையைப் பொருத்தி 1979 இல் ஜெர்மனியில் சோதித்தனர். அதன் முனை முக்கோணமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. அதிலிருந்து உருவான 228 முதலில் பறந்தது 1981 இல். 1983 இல் உரிமம் பெற்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அதைக் கான்பூரில் கட்டியது. வாயுதூத் நிறுவனம் சிறு ஊர்ச் சேவைகளுக்கு அதைப் பயன்படுத்தியது. மீனம்பாக்கத்திலிருந்து பறக்கும் கடலோரக் காவல்படையின் டோர்னியர்களிலும் அந்த முக்கோண முனையைக் காணலாம். தாழ்வாக, மெதுவாக, மணிக்கணக்கில் கடலை நோட்டமிடும் பணிக்கு அது ஏற்றது. ஆனால் அங்கே மாறியது நுனி மட்டுமன்று. இறக்கையின் குறுக்குவெட்டு வடிவமும் சேர்ந்தே மாறியது.

பொருத்துவதில் உள்ள சிக்கல்

நுனியில் கூடும் எடையும் தூக்குவிசையும் இறக்கையின் வேர்ப்பகுதியை வளைக்கின்றன. அதிர்வின் தன்மையும் மாறக்கூடும். ஆகவேதான் நுனியை மாற்ற விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் துணை வகைச் சான்று கேட்கப்படுகிறது. வளைவுச் சுமையைத் தானாகக் குறைக்க அசையும் பலகைகள் கொண்ட நிமிர்நுனிகள் சில சிறு ஜெட் விமானங்களுக்குப் பின்னர் பொருத்தப்பட்டன. 2018 இல் அமெரிக்காவின் இண்டியானாவில் அத்தகைய விமானம் ஒன்று விழுந்தபின், 2019 ஏப்ரலில் ஐரோப்பிய வான்பயணப் பாதுகாப்பு முகமை அவற்றைத் தரையிறக்கியது. திருத்தங்களுக்குப் பிறகு சில மாதங்களில் அவை மீண்டும் பறந்தன.

வடிவமைப்பாளருக்குத் தடையில்லாத இடத்தில் பழைய பாடமே வெல்கிறது. நெமிலிச்சேரிக்கு அடுத்துள்ள ஆவடியின் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், தபஸ் என்னும் ஆளில்லா வானூர்திக்கு மடங்கும் தரையிறங்கு சக்கர அமைப்பை உருவாக்கியது. நெடுநேரம் மெதுவாகச் சுற்றவேண்டிய அந்த வானூர்திக்குக் கொடுத்திருப்பது 20 மீட்டருக்கு மேல் நீண்ட, ஒல்லியான இறக்கை.