திருமங்கலம் இடைத்தேர்தலும் (2009) வாக்காளரின் தனிமனிதப் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

2009 சனவரியில் நடைபெற்ற திருமங்கலம் சட்டமன்ற இடைத்தேர்தல், வாக்குக்குப் பணம் வழங்கும் முறைக்கு ஓர் ஊரின் பெயரையே அடையாளமாக்கியது. மறைவு வாக்குமுறை நடைமுறையில் உள்ள நாட்டில் பணம் பெற்றவர் அதற்குக் கட்டுப்படுவது ஏன் என்பதையும், பெறுபவரின் பொறுப்பைச் சட்டமும் சமூகமும் எவ்வாறு மதிப்பிட்டன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருமங்கலம், இடைத்தேர்தல், கையூட்டு, நன்றியுணர்வு, பகுத்தறிவு, தனிமனிதப் பொறுப்பு.

முன்னுரை

மதுரைக்குத் தென்மேற்கே, விருதுநகர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வட்டத் தலைநகர் திருமங்கலம். இத்தொகுதியில் 2006-இல் வெற்றி பெற்ற மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழக உறுப்பினர் வீர. இளவரசனின் மறைவையடுத்து 2009 சனவரி 9 அன்று இடைத்தேர்தல் நடைபெற்றது. ஏறத்தாழ 89 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. அப்போதைய ஆளுங்கட்சியான திராவிட முன்னேற்றக் கழகத்தின் வேட்பாளர் லதா அதியமான் 39,266 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ‘திருமங்கலம் சூத்திரம்’ என்னும் தொடர் இதன்பின் அரசியல் வழக்கில் நிலைபெற்றது.

சான்றுகளின் தன்மை

இத்தேர்தல் குறித்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆவணம், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் 2009 மே மாதம் அனுப்பிய குறிப்பாகும். விக்கிலீக்சு வழியாகக் கிடைத்த இக்குறிப்பை 2011 மார்ச்சில் ‘தி இந்து’ நாளிதழ் வெளியிட்டது. காலை நாளிதழுடன் உறையில் வைத்து, வாக்காளர் ஒருவருக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டதாக அது கூறுகிறது. இது பிறர் கூற்றுகளைத் தொகுத்த அயல்நாட்டு ஆவணமே; நீதிமன்றம் விசாரித்து அளித்த முடிவன்று. மேலும், உயர்ந்த வாக்குப்பதிவையும் பெரிய வாக்கு வேறுபாட்டையும் மட்டும் கொண்டு பணத்தின் விளைவை அளவிட இயலாது. ஆளுங்கட்சிக்கு இடைத்தேர்தலில் இயல்பாக வாய்க்கும் சாதகங்களும், கூட்டணி மாற்றங்களும் உடன் செயற்பட்டிருக்கக்கூடும்.

சட்டத்தின் பார்வை

தேர்தல் கையூட்டு 1920-ஆம் ஆண்டின் 39-ஆம் சட்டத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 171-பி பிரிவு, கொடுப்பவரையும் பெறுபவரையும் ஒருசேரக் குற்றவாளிகளாக்கியது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 123-ஆம் பிரிவில் இருதரப்பையும் குறிப்பிடுகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவும் இதே நிலைப்பாட்டைத் தொடர்கிறது.

1920-இல் சொத்தும் வரியும் உடைய சிறு பகுதியினருக்கே வாக்குரிமை இருந்தது. வசதி படைத்த வாக்காளரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அவ்விதி, அனைவருக்கும் வாக்குரிமை வந்த பிறகு அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கும் மாற்றமின்றிப் பொருந்தலாயிற்று. வறியவரைத் தண்டிக்கச் சமூகம் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அத்தயக்கம் நியாயமானது. ஆயினும், தண்டனை வேண்டாம் என்பதும் பொறுப்பே இல்லை என்பதும் வெவ்வேறு முடிவுகளாகும்.

நன்றியுணர்வும் பகுத்தறிவும்

வாக்கு மறைவானது, யாருக்கு அளித்தார் என்பதைப் பணம் கொடுத்தவர் அறிய வழியில்லை. அவ்வாறிருந்தும் கொடுப்பவர் நம்பிக் கொடுக்கிறார். இதற்கு விடை, அச்சத்தைக் காட்டிலும் அறவுணர்வில் இருப்பதாகக் கொள்ள இடமுண்டு. மொய்ப்பணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்யும் வழக்கம் மதுரை வட்டாரத்தில் வேரூன்றியது. கைநீட்டி வாங்கியபின் மாறுவது துரோகம் என்னும் எண்ணம் அவ்வழக்கோடு உறவுடையது. உறவுக்குள் உயர்ந்த பண்பாக விளங்கும் நன்றியுணர்வு, இங்கே வாக்கின் பிணையாக மாற்றப்படுகிறது.

பகுத்தறிவு இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் காணச் செய்கிறது. மொய் எழுதுபவர் தம் உழைப்பின் பொருளைத் தருகிறார். பெறுபவர் தமக்குரியதைக் கொண்டே அதைத் திருப்புகிறார். வாக்கின் விளைவோ, வாங்கியவரோடு நில்லாமல், வாங்காத அண்டைவீட்டாரையும் ஐந்தாண்டுக்குக் கட்டுப்படுத்துகிறது. பிறருக்கும் உரிய ஒன்றைக் கொண்டு தம் கடனை அடைப்பது நன்றியாகாது.

‘நம் வரிப்பணம்தானே திரும்பி வருகிறது’ என்னும் வாதமும் இவ்வகையில் ஆராயத்தக்கது. பொதுப்பணம் களவாடப்பட்டது என வாங்குபவர் கருதினால், அதில் பங்கு பெற்று வாக்களிப்பது அக்களவுக்கு இசைவு தருவதாகும். ‘வாங்கிக்கொண்டு மாற்றிப் போடலாம்’ என்பதும், வாங்குபவர் இன்றி இவ்வழக்கம் நிலைக்காது என்பதை மறைக்கிறது.

ஊர்ச் சபைகளின் விதிகள்

பாண்டிய நாட்டு மானூர்க் கல்வெட்டு (ஏறத்தாழ கி.பி. 800), சபையில் எதனையும் ‘அன்று’ என மறுத்து இடையூறு செய்வோருக்கு ஐந்து காசு தண்டம் விதித்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கணக்குக் காட்டாதவரைக் குடவோலையிலிருந்து விலக்கின. இவை நிலவுடைமை கொண்ட பிராமணர் சபைகள்; இன்றைய மக்களாட்சிக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கன அல்ல. எனினும், பொதுச்செயலில் ஈடுபடும் ஒவ்வொருவரும் தம் நடத்தைக்குத் தாமே விடைகூற வேண்டும் என்னும் கொள்கை அவற்றில் தெளிவாக உள்ளது.

இன்றைய நடவடிக்கை இதற்கு மாறான திசையில் செல்கிறது. பணப்பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் இராதாகிருட்டிணன் நகர், 2019-இல் வேலூர் ஆகிய தொகுதிகளின் தேர்தல்களைத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. பணம் வாங்காதவரும் இதனால் பல மாதங்கள் பிரதிநிதியின்றி இருக்க நேர்ந்தது. தனியரின் பொறுப்பு வரையறுக்கப்படாதபோது, சுமை தொகுதி முழுவதன்மேலும் விழுகிறது.

முடிவுரை

திருமங்கலத்து வாக்காளர்கள் அனைவரும் பணம் பெற்றவர்கள் என்பதற்குச் சான்றில்லை; ஆயினும் ஊர்ப்பெயர் பழிச்சொல்லாயிற்று. பணம் கொடுப்பவரின் குற்றம் பெரிது என்பதில் ஐயமில்லை. பெறுபவரை ஏதுமறியாதவராகக் காட்டுவது அவருக்கு இரங்குவதுபோல் தோன்றினும், சிந்தித்து முடிவெடுக்கும் அவரது தகுதியை மறுப்பதாகும். வறுமையைக் கருத்திற்கொண்டு தண்டனையைத் தளர்த்துவதும், ஏற்கவும் மறுக்கவும் உரியவர் வாக்காளரே என்பதை ஒப்புக்கொள்வதும் ஒருங்கே இயலக்கூடியவை. அவ்வொப்புதலே உறையைத் திருப்பிக் கொடுத்தவரையும் வரலாற்றில் காண வழிசெய்யும்.