தோட்டம்: ஒரு சொல்லின் பயணம்

கொங்கு நாட்டில் “தோட்டத்துக்குப் போயிட்டு வர்றேனுங்க” என்றால், கிணற்றுப் பாசன நிலத்துக்கு என்று பொருள். ‘எஸ்டேட்’ என்னும் தோட்டம் வேறு. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது.

அவன் மொழியில் ‘பிளான்டேஷன்’ என்பதற்குக் குடியேற்றம் என்றும் பொருளுண்டு. 1609-இல் அயர்லாந்தின் அல்ஸ்டரில் தொடங்கிய பிளான்டேஷனில் நட்டது மரத்தையல்ல, மனிதரை! உள்ளூரார் நிலத்தைப் பறித்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் குடிகளை அமர்த்தினார்கள். பின்னர் ஒற்றைப் பயிர்ப் பண்ணைக்கும் அச்சொல் நிலைத்தது. காட்டிலாகாவும் அதை எடுத்துக்கொண்டது. 1840களில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் வளர்த்த தேக்குத் தோட்டம் இதற்குச் சான்று.

நம்மவர் கதையில் குடியேற்றமும் பயிரும் ஒன்றாகிவிட்டன. இலங்கை மலைகளில் முதலில் காப்பி. 1869-இல் கண்ட இலைநோய் அதை அழித்தபின் தேயிலை. கங்காணி கொடுத்த முன்பணக் கடனோடு தமிழ்நாட்டு ஏழைகள் அங்கே போனார்கள். காடு திருத்தியவர்களுக்குக் கிடைத்த பட்டம் ‘தோட்டக்காட்டான்’. 1948-இல் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர்.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. வந்தவர்களில் பலரை மறுபடியும் தோட்டத்துக்கே அனுப்பினார்கள்: நீலகிரியில் தேயிலை, கர்நாடகத்தின் சுள்ளியா, கேரளத்தின் புனலூர், நிக்கோபாரின் கச்சால் தீவு ஆகிய இடங்களில் ரப்பர். நாற்றைப் பிடுங்கி நடுவதுபோல மனிதரை நட்டார்கள்.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நாம், தமிழரைக் கண்டதும் “சொந்த ஊர் எதுங்க?” என்று கேட்கிறோம். நமக்குச் சொல்ல ஓர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மலையில் உழைத்து, தெரியாத மண்ணில் இறக்கப்பட்டவர்கள் எதைச் சொல்வார்கள்? சுள்ளியாப் பக்கம் போகும் சங்க அன்பர்கள் அவர்களிடம் கொஞ்சம் நின்று பேசிவிட்டு வாருங்கள்.