ஜக்கார்டு அட்டையும் ஜாவாஸ்க்ரிப்ட் சார்ட்டும்

ஆபீஸ்ல ஆணி புடுங்குற நம்ம மக்களுக்கு அடிக்கடி வர்ற சந்தேகம் இது. "பக்கத்துல ஒரு சார்ட் போடணும், எந்த லைப்ரரி எடுக்கலாம்?" ஆரணிக்காரனான எனக்கு இதைக் கேட்டதும் தறிதான் ஞாபகம் வரும்.

பட்டுச்சேலை பார்டர்ல வர்ற மயில், முதல்ல பிறக்கிறது கட்டம் போட்ட கிராஃப் தாள்ல. பாவும் ஊடையும் சந்திக்கிற இடத்துக்கு ஒரு கட்டம். அதைப் பார்த்து அட்டைல ஓட்டை குத்தி, வரிசையா கோத்து, தறிக்கு மேல இருக்குற ஜக்கார்டு பெட்டில மாட்டுவாங்க. ஓட்டை இருந்தா கொக்கி நூலைத் தூக்கும், இல்லேன்னா இல்லை. 1804-ல லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு செஞ்ச ஏற்பாடு. பொட்டி தட்டுறதுல நெசவாளிங்கதான் நமக்கு சீனியர் :-)

இதுல ஒரு சங்கதி இருக்கு. 240 கொக்கிப் பெட்டிக்குக் குத்தின அட்டை 120 கொக்கிப் பெட்டிக்கு ஆகாது. ஆனா கிராஃப் தாள் பத்திரமா இருந்தா, புதுப் பெட்டிக்கு ஏத்த மாதிரி மறுபடி குத்திக்கலாம்.

சார்ட் வரலாறும் இதேதான். 2002-ல கொல்கத்தாவுல பல்லவ் நதானின்னு ஒரு பதினேழு வயசுப் பையன், எக்செல் சார்ட் போரடிச்சுப்போய் 'ஃப்யூஷன்சார்ட்ஸ்' ஆரம்பிச்சார். வரையறதுக்கு ஃப்ளாஷ். அன்னைக்கு அது சரியான முடிவுதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு பாஷை பேசும், மத்த உலாவிங்க வேற பாஷை. ஃப்ளாஷ் மட்டும் எல்லார் கணினிலயும் இருந்துச்சு.

2007-ல ஐஃபோன், 2010-ல ஐபேட். ரெண்டுலயும் ஃப்ளாஷ் கிடையாது, சார்ட் இருந்த இடத்துல வெறும் கட்டம். ஃப்யூஷன்சார்ட்ஸ் ஜாவாஸ்க்ரிப்ட்டுக்கு மாறிப் பிழைச்சுக்கிச்சு. எண்கள் எக்ஸ்எம்எல் கோப்புல தனியா இருந்ததால, அதே கோப்பை வச்சே புதுசா வரைய முடிஞ்சுது. எண்களை ஃப்ளாஷ் கோப்புக்குள்ளயே அடைச்சு வச்சவங்க பாடு திண்டாட்டம். 2020 கடைசில ஃப்ளாஷ் மொத்தமா மூடு விழா கண்டாச்சு.

பெரிய கம்பெனி கொடுக்குறதுன்னா நிலைச்சு நிக்குமான்னா, அதுவும் இல்லை. யாஹூ 2006-ல வெளியிட்ட ஒய்யூஐ-யை 2014-ல நிறுத்திட்டாங்க. கூகுளோட படச் சார்ட் சேவை 2019-ல போச்சு. ஜான் ரெசிக்ங்கற ஒத்தை ஆள் 2006-ல கொண்டுவந்த ஜேக்வெரி இன்னும் ஓடிட்டிருக்கு! எக்ஸ்ட் ஜேஎஸ் 2008-ல லைசென்ஸை மாத்தினப்போ அதை நம்பி எழுதினவங்க அலறினாங்க. அதனால லைசென்ஸையும் படிச்சிடுங்க.

என்னைக் கேட்டா, எண்களை ஜேசான்லயோ சிஎஸ்வி-லயோ தனியா வச்சிருங்க, அதான் கிராஃப் தாள். மாசாமாசம் ஜரிகை விலை காட்டுற கோட்டுப் படத்துக்கு 2013-ல வந்த சார்ட்.ஜேஎஸ் தாராளம். 2011-ல வந்த டி3 கையால அட்டை குத்துற மாதிரி: எதையும் வரையலாம், பொறுமை வேணும். தேதி தேர்ந்தெடுக்குற பெட்டிக்கெல்லாம் லைப்ரரி தேடாதீங்க, இப்ப உலாவியே அதைத் தருது. தறிலயும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தாச்சு. அதுக்கு அட்டையே வேண்டாம், டிசைன் கோப்பை நேரா படிச்சுக்குது.