ஹெரால்டு டேங்குக்குள்ள என்ன இருக்கு?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961-லிருந்து நம்ம மெட்ராஸ் பக்கம் செஞ்ச கார். அப்படி ஒண்ணு ஷெட்ல பல வருஷமா தூங்கிட்டு இருந்தா, டேங்கைக் கழுவறதுக்கு முன்னாடி நான் கேட்கிற முதல் கேள்வி: கடைசியா எந்த வருஷம் பெட்ரோல் போட்டாங்க?

2000-க்கு முன்னாடின்னா அதுல ஈயம் இருக்கலாம். இன்ஜின் 'நாக்' அடிக்காம இருக்க, 1921-ல அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழு கண்டுபிடிச்ச டெட்ராஎத்தில் லெட். தோல் வழியாவே உடம்புக்குள்ள இறங்கும். 1924-லயே நியூ ஜெர்சியில் அதைத் தயாரிச்ச ஆலையில் அஞ்சு தொழிலாளர்கள் செத்துப்போனாங்க. ஆபத்து அப்பவே தெரியும்! ஆனா கடைசி நாடான அல்ஜீரியா விற்பனையை நிறுத்தினது 2021-ல.

அதனால ட்யூபை வாயால உறிஞ்சி பெட்ரோல் எடுக்கிற நம்மூர் வித்தை இங்க வேண்டவே வேண்டாம். கையுறை போடுங்க, பேட்டரியைக் கழட்டுங்க, திறந்தவெளியில வேலை பாருங்க. அடியில பிசினும் துருவும் கெட்டியா இருக்கும். கார்புரேட்டர் ஜெட் வரைக்கும் அடைச்சிருக்கும்.

கழுவினா மட்டும் போதாது, பழைய ரப்பர் ஹோஸையும் மாத்தணும். இப்ப பங்க்ல ஊத்தறது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் அதுல வெடிச்சுக் கசியும், கீழே சூடான இன்ஜின்.