7 நிமிடமும் 55 விநாடியும்: மன்னார் முத்துக்குளிப்பில் உழைப்பை அளந்த கதை

அண்மையில் மன்னார் நகரில் நண்பர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாள்கள் தங்க நேர்ந்தது. மாலையில் அவருடைய மகன் பட்மின்டன் ஆடிவிட்டு வியர்வை வழிய வந்து சேர்ந்தான். மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தை என் முன்னே நீட்டி, "மாமா, இண்டைக்கு 430 கலோரி எரிச்சிருக்கிறன்" என்றான்.

"அது எப்படித் தம்பி உந்தக் கடிகாரத்துக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"இதயத் துடிப்பை வைச்சுக் கணக்குப் பார்க்குது, மாமா."

பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகள் கழித்தவனுக்கு ஓர் எண்ணைக் கண்டால் உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு. இதை அளந்தவர் யார், எதைக் கொண்டு அளந்தார், எதற்காக அளந்தார்? அன்றிரவு அந்தக் கேள்வி என்னைக் கடிகாரத்திலிருந்து கடலுக்கு இழுத்துச் சென்றது. விட்டுவிட்டுச் செய்யும் கடும் உழைப்பை அளக்கும் சிக்கல் மன்னாருக்குப் புதியதன்று. 200 ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கடற்கரையில் வெளிநாட்டார் அதைத்தான் அளக்க முயன்றார்கள். பெரும்பாலும் தவறாகவே அளந்தார்கள்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். சீராக ஓடுகிற ஒருவனின் உழைப்பை அளப்பது ஓரளவு எளிது. அவன் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்தால் போதும். ஒரு லீற்றர் பிராணவாயுவுக்கு ஏறத்தாழ 5 கிலோ கலோரி என்பது கணக்கு. பட்மின்டன் அப்படியன்று. சில விநாடிகள் பாய்ச்சல், பின்னர் சற்றே நிற்றல், மறுபடியும் பாய்ச்சல். ஓர் ஆட்டத்தில் இறகுப்பந்து உண்மையில் பறந்துகொண்டிருக்கும் நேரம் மொத்த நேரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பாயும்போது உடல் கடன் வாங்குகிறது. நிற்கும்போது மூச்சு வாங்கி அந்தக் கடனை அடைக்கிறது. ஆகவே, ஆடிய நேரத்தை மட்டும் அளப்பவன் பாதிக் கணக்கையே எழுதுகிறான்.

மூச்சைக் கொண்டு உழைப்பை அளக்கலாம் என்பதை முதலில் காட்டியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே. தம் உதவியாளர் செகென் எடை தூக்கும்போது எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அவர் அளந்தார். அந்த ஆண்டு 1789, பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டு. உடலால் உழைக்கும் ஏழைக்கே அதிக உணவு தேவை. ஆனால் அவனுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்ற கவலையையும் அவர் அந்த ஆய்வுரையிலேயே பதிவுசெய்தார். அதாவது, அறிவியல் உழைப்பை அளக்கத் தொடங்கியபோதே கூலி பற்றிய கேள்வியும் உடன் பிறந்துவிட்டது.

அதற்கு 8 ஆண்டுகளின் பின், 1797 மார்ச், ஏப்ரல் மாதங்களில், லெ பெக் என்பவர் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை நேரில் பார்த்து எழுதினார். காரைக்காலிலிருந்து வந்த ஆபிரிக்க வம்சாவளிச் சிறுவன் ஒருவன் 7 நிமிடம் நீருக்கடியில் இருந்ததைக் கண்டதாக அதில் குறிப்பிட்டார். 1803இல் தம் நூலை வெளியிட்ட பேர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோ, வழக்கமான நேரம் 2 நிமிடம், சிலர் 4 அல்லது 5 நிமிடம், ஒருவர் 6 நிமிடம் என்று எழுதினார்.

பின்னர் ஸ்டூவர்ட் வந்தார். முத்துப் பார்களின் பரிசோதகராகப் பல்லாண்டு பணியாற்றியவர். 1843இல் முத்துக்குளிப்பைப் பற்றி நூல் எழுதியவர். ஒருநாள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர் அல்லர். தாம் கண்டவர்களுள் எவரும் 87 விநாடிக்கு மேல் அடியில் இருந்ததில்லை. 9 பாக ஆழத்தில் சாதாரணமாக 55 விநாடியைத் தாண்டுவதே அரிது என்பது அவர் கண்ட உண்மை. இந்தக் கூற்றுகளையெல்லாம் அருகருகே வைத்துக் காட்டியவர் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னே, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயத் தளபதி ரிபெய்ரோ ஒரு கணக்குச் சொன்னார். இரண்டு முறை விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கும் நேரம் என்பது அவர் அளவு. மன்னார்ப் பங்குகளில் வளர்ந்தவர்கள் சொல்லிப் பார்க்கலாம். அப்போஸ்தலரின் சிறிய பிரமாணம் என்றால், நிதானமாகச் சொன்னாலும் இரண்டுக்கும் ஒன்றரை நிமிடம் தாண்டாது. செபத்தால் அளந்தவர் பின்வந்தவர்களைக் காட்டிலும் உண்மைக்கு அருகில் இருந்தார் என்பது எனக்கு வியப்பளித்த செய்தி.

7 நிமிடம் என்ற கதையால் யாருக்கு என்ன நட்டம் என்று வாசகர் கேட்கலாம். நட்டம் உண்டு. 6 நிமிடம் இருக்க வல்லவர்கள் என்று நம்பிவிட்ட மேலதிகாரியின் கண்ணுக்கு, 55 விநாடியில் மேலே வருபவன் சோம்பேறியாகத்தான் தெரிவான். வியந்து போற்றுவதும் சில வேளைகளில் உழைப்பாளிக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

பேர்சிவல் நேரத்தில் தவறினாலும், வேலை நடந்த முறையை நன்றாகக் கவனித்திருக்கிறார். ஒரு படகில் தண்டலைத் தவிர 20 பேர். 10 பேர் தண்டு வலிப்போர், 10 பேர் குளிப்போர். ஐவர் இறங்குவர், அவர்கள் மேலே வந்ததும் மற்ற ஐவர் இறங்குவர். கால்விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டால் கல்லின் பாரமே ஆளை அடியில் சேர்த்துவிடும். சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர்கள் மேலே இழுப்பார்கள். ஒருவர் ஒரு நாளில் 40 முதல் 50 முறை இறங்குவார். மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் நீர் வடியும். சில வேளை இரத்தமும் வரும் என்றும் அவர் எழுதிவைத்தார்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஸ்டூவர்ட்டின் 55 விநாடியைப் பேர்சிவலின் 45 முறையால் பெருக்கினால் 2,475 விநாடி, அதாவது சுமார் 41 நிமிடம். மேசைக் கணக்கர் இதைப் பார்த்தால், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம்கூட இவன் வேலை செய்யவில்லை என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த 41 நிமிடத்தின் கடன், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய மணித்தியாலங்களில் அல்லவா அடைக்கப்பட்டது!

அந்தக் கடனின் இயல்பை 20ஆம் நூற்றாண்டுதான் விளக்கியது. ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஆஸ்திரேலியாவின் வடக்கே டொரஸ் நீரிணைப் பகுதியின் முத்துக்குளிப்போரை ஆராய்ந்து 1962இல் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சடக்கி முங்கும்போது இதயத் துடிப்பு கூடவில்லை, குறைந்தது. தசைகளில் தேங்கிய லாக்டிக் அமிலம் மேலே வந்த பின்னரே இரத்தத்தில் பெருகியது. நண்பர் மகனின் கடிகாரத்தை அரிப்புக் கடலில் முங்கிய ஒருவரின் கையில் கட்டியிருந்தால், அவர் மிகக் கடுமையாக உழைத்த கணத்தில்தான் அது மிகக் குறைந்த கலோரியைக் காட்டியிருக்கும்.

1967இல் ஹொங், ரான் என்ற இருவர் கொரிய, ஜப்பானிய முங்கும் பெண்களைப் பற்றி எழுதினார்கள். கொரியப் பெண் முங்குநர் நாளொன்றுக்குச் சுமார் 3,000 கிலோ கலோரி உண்டனர். முங்காத பெண்களுக்குச் சுமார் 2,000 போதுமாக இருந்தது. குளிர்ந்த நீரில் உடல் இழக்கும் வெப்பம் இதற்கு முதற் காரணம். நம் கடல் வெதுவெதுப்பானது. ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தலாகாது. ஆனால் ஜப்பானில் பாரத்தைப் பற்றி இறங்கிப் படகிலிருந்து கயிற்றால் இழுக்கப்படும் பெண்கள் ஏறத்தாழ ஒரு நிமிடம் முங்கி, ஒரு நிமிடம் இளைப்பாறினர். கல், கயிறு, முறைமாற்றி இளைப்பாறல் என்பன மன்னாரின் முறையேதான். இறங்கவும் ஏறவும் வேண்டிய வலுவைச் சேமித்து, சிப்பி பொறுக்குவதற்கே அதைச் செலவிடும் ஏற்பாடு இது. ஆய்வுகூடம் பிறப்பதற்கு முன்பே தம் வலுவின் வரவு செலவை எம்மவர் அறிந்திருந்தார்கள். அதை எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

எழுதப்பட்ட கணக்கு வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரக்கணக்கில் ஏலம் போனது. 1905இல் மறிச்சுக்கட்டியில் ஏறத்தாழ 5,000 பேர் குளித்தனர். எடுத்த சிப்பி சுமார் 8 கோடி. தலைக்கு 16,000. சிப்பிக்குக் கணக்கு இருந்தது, மூச்சுக்கு இல்லை. அடுத்த ஆண்டே பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி வளம் வற்றியது. நெடுங்காலம் கழித்து 1925இல் நடந்த குளிப்புடன் அந்த யுகம் முடிந்தது.

மறுநாள் காலை அரிப்புக்குப் போனேன். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் நோர்த் கட்டுவித்த மாளிகையின் எச்சங்கள் கடலரிப்பில் சிதைந்து நிற்கின்றன. பார்த்திருந்தவரின் மாளிகைக்காவது இடிபாடு மிஞ்சியிருக்கிறது. குளித்தவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் முங்கிய இக்கடலில் இன்றும் சங்குக்கும் கடலட்டைக்குமாக மனிதர் முங்குகிறார்கள். அவர்களின் கூலியைப் பேசுவோர், நீருக்கடியில் இருந்த நேரத்தை மட்டும் எண்ணாதிருக்கட்டும்.

புறப்படும்போது நண்பரின் மகன் வாசல்வரை வந்தான். "தம்பி, நீ நிண்டு மூச்சு வாங்கின நேரத்தையும் உந்தக் கடிகாரம் ஒழுங்காச் சேர்த்ததோ?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "தெரியேல்லை மாமா, பார்த்துச் சொல்லுறன்" என்றான்.